லண்டனில் கார்ல் மார்க்ஸ்: கோட் அடகுக்கடையில், வாடகை பாக்கியில்!

1852 பிப்ரவரி மாதம். லண்டனில் எலும்பைத் துளைக்கும் குளிர். சோஹோ பகுதியின் டீன் தெருவில், 28-ம் எண் வீட்டின் மாடியில் 33 வயது மனிதர் ஒருவர் அடைந்துகிடக்கிறார். பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசிப்பு அறையே கதி என்று இருப்பவர். காலையில் போனால் சாயங்காலம் வரை அங்கேதான். ஆனால், ஒரு வாரமாக வீட்டுப் படி இறங்கவில்லை. காரணம் சிம்பிள். அவருடைய கோட் அடகுக்கடையில் இருக்கிறது.

அட, ஒரு கோட்டுக்காகவா என்று கேட்கலாம். அந்தக் குளிரில் கோட் இல்லாமல் தெருவில் நடக்க முடியாது. அப்படியே நடந்தாலும், கோட் போடாத ஆளை அன்றைய லண்டன் மரியாதைக்குரியவராகப் பார்க்காது. வீட்டில் இறைச்சியும் இல்லை. கடனுக்குக் கொடுக்கக் கடைக்காரர்கள் தயாராக இல்லை.

அந்த மனிதர் கார்ல் மார்க்ஸ். தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பணம் என்பது எப்படி வேலை செய்கிறது என்று பிற்காலத்தில் உலகத்துக்கே பாடம் நடத்தியவர். நம்மூரில் பிள்ளைகளுக்கு மார்க்ஸ் என்றும் ஜென்னி என்றும் பெயர் வைக்கிறோம். சுவர்களில் அந்தத் தாடியை வரைகிறோம். ஆனால், அந்தத் தாடிக்குப் பின்னால் புது நாட்டில் வாடகை கட்ட முடியாமல் திண்டாடிய ஒரு குடும்பம் இருந்தது என்பது அதிகம் பேசப்படாத கதை.

இன்றைக்கு வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் மாதச் செலவு எவ்வளவு ஆகும் என்று நாலு யூடியூப் வீடியோ பார்த்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். மார்க்ஸுக்கு அந்த வாய்ப்பெல்லாம் இல்லை. துரத்தப்பட்டுப் போனவர் அவர்.

நான்கு நாடு, ஒரே வெள்ளிப் பாத்திரம்

1818-ல் ஜெர்மனியின் ட்ரியர் நகரில் வக்கீல் ஒருவரின் மகனாகப் பிறந்தார் மார்க்ஸ். அதே ஊரில் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த ஜென்னி ஃபான் வெஸ்ட்ஃபாலனைக் காதலித்தார். ஜென்னிக்கு அவரைவிட நான்கு வயது அதிகம். ஏழு வருஷம் காத்திருந்து 1843-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதன் பிறகு எங்கேயும் நிலையாக உட்கார முடியவில்லை. எழுதியதற்காகப் பாரிஸில் இருந்து துரத்தினார்கள். பிரஸ்ஸல்ஸ் போனார்கள், அங்கிருந்தும் துரத்தினார்கள். 1848 புரட்சி நேரத்தில் கொலோன் நகருக்குத் திரும்பிப் பத்திரிகை நடத்தினார். 1849 மே மாதம் அதற்கும் மூடுவிழா. கடைசி இதழைச் சிவப்பு மையில் அச்சடித்துவிட்டு, கையில் இருந்த காசையெல்லாம் பத்திரிகையின் கடனுக்குக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

ஜென்னியின் குடும்பச் சொத்தாக வந்த வெள்ளிப் பாத்திரங்கள் சில இருந்தன. பிரஸ்ஸல்ஸில் அடகில் கிடந்ததை அப்போதுதான் மீட்டிருந்தார். அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஃபிராங்ஃபர்ட்டில் மறுபடி அடகு வைத்துப் பயணச் செலவுக்குப் பணம் தேற்றினார். இந்த வெள்ளி இனிமேலும் கதையில் அடிக்கடி வரும்.

மறுபடியும் பாரிஸ். அங்கே அரசாங்கம், சதுப்புநிலக் காய்ச்சலுக்குப் பேர்போன ஒரு கடலோர மாவட்டத்துக்குப் போய் இருந்துகொள் என்றது. அதற்கு மார்க்ஸ் உடன்படவில்லை. 1849 ஆகஸ்ட் மாதம் கடல் தாண்டி லண்டன் வந்து சேர்ந்தார். செப்டம்பரில் ஜென்னி வந்தார். கையில் மூன்று குழந்தைகள், வயிற்றில் ஒன்று. கூடவே ஹெலன் டெமுத். ஜென்னியின் அம்மா தன் மகளுக்கு உதவியாக அனுப்பிவைத்த பணிப்பெண். கடைசிவரை அந்தக் குடும்பத்தைவிட்டுப் போகாதவர்.

அன்றைய பிரிட்டன் அகதிகளை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. விசா கிடையாது, வரிசை கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம். ஆனால், வந்த பிறகு எப்படிப் பிழைப்பது என்பது உங்கள் பாடு. ஜெர்மனியில் இருந்து தப்பி வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் லண்டனில் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக நிதி திரட்டிய ஒரு கமிட்டியில் மார்க்ஸும் இருந்தார். அதில் இருந்து கமிட்டி உறுப்பினர்கள் ஒரு பைசாகூட எடுத்துக்கொள்வதில்லை என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கறாரான விதி. நல்ல விதிதான். வீட்டில் பால் வாங்கக் காசு இல்லாத நேரத்தில் அதைக் கடைப்பிடிப்பதுதான் கஷ்டம்.

தொட்டிலையும் விடவில்லை

இங்கே ஒரு சின்னக் கணக்கை மனசில் வெச்சுக்கோங்க. அன்றைய லண்டனில் கொத்தனார், தச்சர் மாதிரி கைத்தொழில் தெரிந்த ஒருவரின் வாரக் கூலி சுமார் ஒன்றரை பவுண்ட். மாசத்துக்கு ஆறு பவுண்ட் என்று வையுங்கள்.

மார்க்ஸ் குடும்பம் செல்சீ பகுதியில் முதலில் எடுத்த வீட்டின் வாடகையே மாதம் ஆறு பவுண்ட். வருமானம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத வீட்டுக்கு, ஒரு கொத்தனாரின் முழு மாதக் கூலி வாடகை! ஊர் தெரியாது, எது எங்கே மலிவு என்று தெரியாது, பாஷை சரியாக வராது. புதிதாக வருகிறவர்கள் முதல் வீட்டை எப்போதுமே அதிக விலைக்குத்தான் எடுக்கிறார்கள். இன்றைக்கும் அப்படித்தான்.

அந்த வீட்டில்தான் 1849 நவம்பர் 5 அன்று நான்காவது குழந்தை கீடோ பிறந்தான். தெருவெல்லாம் பட்டாசு. குழந்தைக்காக இல்லை, அன்று இங்கிலாந்தில் கை ஃபாக்ஸ் நாள். பிள்ளைக்குப் பிறந்ததில் இருந்தே உடம்பு சரியில்லை. பாலூட்ட ஆள் வைக்க வசதி இல்லாததால், மார்பில் தாங்க முடியாத வலியோடும் ரத்தக் காயத்தோடும் ஜென்னியே பால் கொடுத்தார். அப்படி ஒருநாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்காரம்மா உள்ளே வந்தார். பாக்கி ஐந்து பவுண்ட் உடனே வேண்டும் என்றார். இல்லை. கொஞ்ச நேரத்தில் ஜப்தி செய்ய ஆட்கள் வந்துவிட்டார்கள். கட்டில், துணிமணி எல்லாவற்றையும் கணக்கெடுத்தார்கள். குழந்தையின் தொட்டிலையும் விடவில்லை. மகள்களின் நல்ல பொம்மைகளையும் விடவில்லை. இரண்டு சிறுமிகளும் அழுதுகொண்டு நின்றார்கள்.

விஷயம் தெருவில் பரவியது. அதுதான் பெரிய அடி. மருந்துக் கடைக்காரர், ரொட்டிக்காரர், கறிக்கடைக்காரர், பால்காரர் என எல்லோரும் ஒரே நேரத்தில் பில்லோடு வந்து நின்றார்கள். நேற்றுவரை மாசக் கணக்கில் கடன் கொடுத்தவர்கள்தான். இந்தக் குடும்பம் ஓடிப்போய்விடும் என்று பயம் வந்துவிட்டது. சொந்த ஊராக இருந்தால் அப்பா பெயரைச் சொல்லலாம், மாமனார் பெயரைச் சொல்லலாம். இங்கே யார் ஜாமீன்? பில்லை அடைக்கக் கட்டில்களை விற்றார்கள். அதை வண்டியில் ஏற்றியபோது பொழுது சாய்ந்துவிட்டது. சூரியன் மறைந்த பிறகு சாமான்களை எடுத்துப்போவது அங்கே சட்டப்படி தப்பாம். வீட்டுக்காரர் போலீஸைக் கூட்டிவந்துவிட்டார். வேடிக்கை பார்க்க இருநூறு, முந்நூறு பேர் கூடிவிட்டார்கள். கட்டில்கள் மறுபடி உள்ளே போயின. மறுநாள் விடிந்த பிறகுதான் வெளியே வந்தன.

அடுத்து லெஸ்டர் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெர்மன் ஹோட்டல். வாரத்துக்கு ஐந்தரை பவுண்ட்! கொத்தனார் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரு மாசக் கூலி ஒரே வாரத்தில் போகிறது. வீடு கிடைக்காதவன் ஹோட்டலில் தங்கியே கூடுதலாகச் செலவழிக்கிறான். அதுவும் நிலைக்கவில்லை. ஒரு காலையில் ஹோட்டல்காரர் டிபன் கொடுக்க மறுத்துவிட்டார். அப்படித்தான் டீன் தெருவுக்கு வந்தார்கள். முதலில் 64-ம் எண், பிறகு 28. இரண்டு அறை, வருஷ வாடகை 22 பவுண்ட். சோஹோ அன்றைக்கு அகதிகளின் பேட்டை. நெரிசல், அழுக்கு, மலிவு. 1854-ல் லண்டனையே உலுக்கிய பிராட் தெரு காலரா பரவியது இங்கிருந்து சில நிமிட நடைத் தூரத்தில்தான்.

ஜென்னி போன தூது

1850 ஆகஸ்டில் ஜென்னி மறுபடியும் கர்ப்பம். அந்த நிலையில் தனியாகக் கப்பல் ஏறி ஹாலந்து போனார். அங்கே மார்க்ஸின் சித்தப்பா முறையான லியோன் ஃபிலிப்ஸ் இருந்தார். வசதியான வியாபாரி. உங்கள் வீட்டில் ஃபிலிப்ஸ் பல்பு, ஃபிலிப்ஸ் மிக்ஸி இருந்தால் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பாருங்கள். அந்தக் கம்பெனியைத் தொடங்கியது இந்த லியோனின் மகனும் பேரனும்தான். 1848 புரட்சியால் வியாபாரத்தில் அடிபட்டிருந்த லியோன், புரட்சிக்காரனின் மனைவிக்குப் பணம் தரத் தயாராக இல்லை. ஜென்னி வெறுங்கையோடு திரும்பினார். கொண்டுவந்தது, கடைசி நேரத்தில் சித்தப்பா கையில் திணித்த சின்னப் பரிசு. குழந்தைக்கு.

அந்த நவம்பரில் கீடோ வலிப்பு வந்து இறந்தான். ஒரு வயசு நிரம்பிப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை.

1851 மார்ச்சில் பிரான்சிஸ்கா பிறந்தாள். 1852 ஏப்ரலில், மூச்சுத் திணறி அவளும் போய்விட்டாள். சின்ன உடலைப் பின்னறையில் கிடத்திவிட்டு, எல்லோரும் முன்னறைக்கு வந்து தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். சவப்பெட்டி வாங்கக் காசு இல்லை. ஜெர்மன் நண்பர்களால் அப்போது உதவ முடியவில்லை. பக்கத்தில் குடியிருந்த பிரெஞ்சு அகதி ஒருவரிடம் ஜென்னி ஓடினார். அவர் கொடுத்த இரண்டு பவுண்டில்தான் பெட்டி வந்தது. பிறந்தபோது அந்தக் குழந்தைக்குத் தொட்டில் இல்லை. இறந்தபோது பெட்டிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது என்று பின்னாளில் தன் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்தார் அந்தத் தாய்.

அடகுக்கடையை வெறும் சோகச் சின்னமாகப் பார்க்கக் கூடாது. அதுதான் அன்றைய ஏழை லண்டனின் ஏ.டி.எம். சட்டப்படி வட்டி வருஷத்துக்கு 20 சதவிகிதம். சனிக்கிழமை மீட்டு, திங்கள்கிழமை மறுபடி வைப்பது பல வீடுகளில் வாடிக்கை. மார்க்ஸ் வீட்டிலும் கோட், ஷூ, துணி, வெள்ளி எல்லாம் அப்படிப் போய் வந்தன. 1852 அக்டோபரில் எழுதுவதற்குக் காகிதம் வாங்க ஒரு கோட்டை வைத்தார். கோட் போனால் வாசிப்பு அறைக்குப் போக முடியாது. போகாவிட்டால் எழுத விஷயம் இல்லை. எழுதாவிட்டால் பணம் இல்லை. ஜென்னியின் குடும்ப முத்திரை பதித்த வெள்ளியை ஒருமுறை அடகு வைக்கப் போனபோது, கசங்கிய உடையில் வெளிநாட்டு உச்சரிப்போடு நின்ற ஆளைப் பார்த்துத் திருட்டுப் பொருள் என்று போலீஸில் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. அவரைத் தெரிந்தவர்கள் சொல்லிச் சொல்லிப் பரவிய கதை.

வரவு: ஒரு கட்டுரைக்கு ஒரு பவுண்ட்

வேலை? கிடைத்தது. நியூயார்க் டெய்லி ட்ரிப்யூன் அன்று அமெரிக்காவில் மிக அதிகம் பேர் படித்த பத்திரிகைகளில் ஒன்று. அதன் ஆசிரியர்களில் ஒருவரான சார்லஸ் டேனா, மார்க்ஸைக் கொலோனில் சந்தித்திருந்தார். 1851-ல் எழுதச் சொல்லிக் கேட்டார். ஒரு கட்டுரைக்கு ஒரு பவுண்ட், பிறகு இரண்டு. லண்டனில் உட்கார்ந்து அமெரிக்கப் பத்திரிகைக்கு எழுதுவது! இன்றைய பாஷையில் ரிமோட் ஃப்ரீலான்ஸர்.

ஒரு சிக்கல். பத்திரிகை இங்கிலீஷ். மார்க்ஸுக்கு இங்கிலீஷ் எழுத வராது. ஆரம்பத்தில் மார்க்ஸ் பெயரில் முழுக் கட்டுரைகளையும் எழுதிக் கொடுத்தது நண்பர் ஏங்கெல்ஸ். பிறகு மார்க்ஸ் ஜெர்மனில் எழுத, ஏங்கெல்ஸ் மொழிபெயர்த்தார். 1853-ல்தான் மார்க்ஸ் நேரடியாக இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தார். இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சி, ரயில்வே, பிறகு 1857 கிளர்ச்சி பற்றியெல்லாம் அவர் எழுதியது இந்தப் பத்திரிகைக்குத்தான். அதாவது, நம்மைப் பற்றிய அந்தப் புகழ்பெற்ற கட்டுரைகள் ரொட்டிக்காரர் பாக்கியை அடைப்பதற்காக எழுதப்பட்டவை. சிலவற்றை ட்ரிப்யூன் பெயர் போடாமல் தலையங்கமாகவே வெளியிட்டது. 1857 பொருளாதார நெருக்கடியில் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். முதலாளித்துவ நெருக்கடிக்காக ஆவலாகக் காத்திருந்தவரின் சம்பளத்தில்தான் அந்த நெருக்கடி முதலில் கை வைத்தது.

மீதியை அடைத்தவர் ஏங்கெல்ஸ். நண்பனுக்கு உதவுவதற்காகவே, தனக்குப் பிடிக்காத அப்பாவின் பஞ்சாலை வியாபாரத்தில் 1850-ல் மான்செஸ்டர் போய்ச் சேர்ந்தார். அங்கே ஏறத்தாழ 20 வருஷம் குமாஸ்தாவாகவும் பிறகு பங்குதாரராகவும் காலம் தள்ளினார். தபாலில் பணம் திருடு போகும் என்பதால் கரன்ஸி நோட்டை இரண்டாக வெட்டி, தனித்தனி உறையில் அனுப்புவார். இரண்டு பாதியும் வந்து சேர்ந்த பிறகுதான் அது பணம். முதல் பாதி வந்து, இரண்டாவது பாதிக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வீட்டை யோசித்துப் பாருங்கள்.

இதற்கு நடுவிலும் வீட்டில் சிரிப்பு இருந்தது. பெரும்பாலும் அதற்குக் காரணம் மகன் எட்கர். வீட்டில் செல்லப்பெயர் மூஷ். பாக்கி கேட்டு வரும் ரொட்டிக்காரர் ஒருநாள் அப்பா இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார். மேலே இல்லை என்று சோஹோ தெருப்பையன் பாணியில் சொல்லிவிட்டு, மூன்று ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரே ஓட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பமே ஹாம்ப்ஸ்டெட் ஹீத் வெளிக்கு நடந்துபோகும். ஒன்றரை மணி நேர நடை. ஹெலன் டெமுத் கையில் பெரிய கூடை, அதற்குள் வறுத்த கன்றுக்கறி. மார்க்ஸ் குழந்தைகளை முதுகில் ஏற்றிக்கொள்வார். லண்டனில் காசில்லாமல் கிடைத்த சந்தோஷம் அது.

அந்த இரண்டு அறைகள் எப்படி இருந்தன என்று நமக்கு நன்றாகத் தெரியக் காரணம், பிரஷ்ய அரசு அனுப்பிய உளவாளி. அவர் எழுதிய அறிக்கையில் எல்லாம் இருக்கிறது. உடைந்த சாமான்கள், ஒரு விரல் தூசி, கண்ணைக் கரிக்கும் புகையிலைப் புகை, மூன்று கால் நாற்காலி, குழந்தைகள் சமையல் விளையாட்டு விளையாடும் இன்னொரு நாற்காலி. கூடவே, வந்தவரை அவர்கள் எவ்வளவு அன்பாக உபசரித்தார்கள் என்பதும்.

1855 ஏப்ரல் 6, புனித வெள்ளி. எட்கர் அப்பாவின் கையிலேயே உயிரை விட்டான். எட்டு வயசு. மற்ற இரண்டு சாவுகளைத் தாங்கிய மார்க்ஸ் இதில் உடைந்தார். அடக்கத்தின்போது அவர் குழிக்குள் பாய்ந்துவிடுவாரோ என்று கூட இருந்தவர்கள் பயந்து பக்கத்திலேயே நின்றார்கள்.

செலவு: சொல்லாமல் விட்ட பக்கம்

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மார்க்ஸ் பணத்தைக் கையாளத் தெரியாதவர். 1850-களின் நடுவில் ட்ரிப்யூன் பணத்தையும் ஏங்கெல்ஸ் அனுப்பியதையும் சேர்த்துப் பார்த்தால், அவர்களைவிடக் குறைந்த வருமானத்தில் லண்டனில் குடித்தனம் நடத்தியவர்கள் ஏராளம். 1856-ல் ஜென்னிக்கு வாரிசுப் பணம் வந்ததும் அடகில் இருந்ததை மீட்டு, கென்டிஷ் டவுன் பக்கம் முழு வீடு எடுத்தார்கள். வருஷ வாடகை 36 பவுண்ட். வீடு பெரிசானதும் செலவும் பெரிசானது. சில மாதங்களிலேயே மறுபடி ஏங்கெல்ஸுக்குக் கடிதம். அவர் அப்போதுதான் அப்பா கொடுத்த பணத்தில் ஒரு குதிரை வாங்கியிருந்தார். மனசு கஷ்டமாகி, மாதம் ஐந்து பவுண்ட் அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்.

மகள்களுக்குப் பள்ளி, இசை, மொழி வகுப்பு. வருகிறவர்களுக்கு முன்னால் நல்ல மேஜை விரிப்பு. எளிய தொழிலாளி மாதிரி வாழ்ந்தால் கடன் அடையும் என்று மார்க்ஸுக்கே தெரியும். ஆனால், மகள்களின் எதிர்காலம் என்று காரணம் சொல்வார். எனக்கு இது ஊதாரித்தனமாக மட்டும் தெரியவில்லை. வெளிநாட்டில் கஷ்டப்பட்டுக்கொண்டே ஊருக்கு நல்ல போட்டோ அனுப்புகிற எத்தனை பேரை நமக்குத் தெரியும்? 1862-ல் ஜெர்மனியில் இருந்து வசதியான நண்பர் லசால் வந்து வாரக்கணக்கில் தங்கியபோது, கௌரவத்தைக் காப்பாற்ற ஜென்னி வீட்டில் இருந்ததையெல்லாம் அடகுக்கடைக்கு அனுப்பினார்.

ஆனால், இந்தக் கௌரவத்துக்கான பில் மார்க்ஸ் பெயரில் வரவில்லை. அடகுக்கடைக்குப் போனது ஜென்னியின் வெள்ளி, ஜென்னியின் துணிகள். ஹெலன் டெமுத்துக்குப் பல காலம் சம்பளமே இல்லை. அவருக்கு 1851-ல் பிறந்த மகனுக்கு மார்க்ஸ்தான் தந்தை என்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. அந்தப் பிள்ளை கிழக்கு லண்டனில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்து, தொழிலாளியானான். அவன் அம்மா கடைசிவரை டீன் தெருக் கணக்கையும் கென்டிஷ் டவுன் கணக்கையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

1862-ல் மார்க்ஸ் நிஜமாகவே வேலை தேடினார். ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலை. கையெழுத்து மோசம் என்று நிராகரித்துவிட்டார்கள்! அது பொய்யும் இல்லை. அந்தக் கோழிக்கிறுக்கலைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே ஒரு சிலர்தான். அச்சுக்குப் போகும் முன் அதை உட்கார்ந்து நகல் எடுத்தவர் ஜென்னி.

அந்தக் குளிர்காலம்தான் அடிமட்டம். 1863 ஜனவரியில் ஏங்கெல்ஸோடு ஏறத்தாழ 20 வருஷம் வாழ்ந்த மேரி பர்ன்ஸ் திடீரென்று இறந்தார். செய்தி கேட்டு மார்க்ஸ் எழுதிய கடிதத்தில் துக்கம் இரண்டு வரி. மீதியெல்லாம் வாடகை, பள்ளிக் கட்டணம், வெளியே போகத் துணியும் ஷூவும் இல்லாத பிள்ளைகள். ஏங்கெல்ஸ் அதைப் படித்துவிட்டு நாலைந்து நாள் பதிலே போடவில்லை. பிறகு போட்ட பதில் அந்தக் குளிரைவிடச் சில்லென்று இருந்தது. அவர்களின் 40 வருஷ நட்பில் இப்படியொரு விரிசல் வேறு எப்போதும் வந்ததில்லை. கொஞ்ச நாள் கழித்து மார்க்ஸ் மன்னிப்புக் கேட்டார். திவால் அறிவித்துவிடப்போவதாகவும், மூத்த மகள்கள் இருவரையும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டு, ஹெலனுக்கு வேறு இடம் பார்த்துவிட்டு, மனைவியோடும் கடைசி மகள் எலியனாரோடும் ஏழைகளுக்கான தொகுப்பு வீட்டுக்குப் போகப்போவதாகவும் எழுதினார். ஏங்கெல்ஸ் கம்பெனிக்கு வந்த ஒரு 100 பவுண்ட் காசோலையைத் துணிந்து கைமாற்றி அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வாத்தியார் சேர்த்த காசு

மீட்சி இரண்டு சாவுகளில் இருந்து வந்தது. 1863 கடைசியில் மார்க்ஸின் அம்மா இறந்தார். வாரிசுப் பணம் வந்தது. 1864 மே மாதம் வில்ஹெல்ம் வோல்ஃப் இறந்தார். விவசாயக் குடும்பத்தில் பிறந்த இவரும் ஓர் அகதி. மான்செஸ்டரில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துப் பிழைத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டியூஷன் எடுத்து டியூஷன் எடுத்துச் சேர்த்து வைத்ததில் பெரும்பங்கை, 800 பவுண்டுக்கு மேல், மார்க்ஸுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். வருஷம் 65 பவுண்ட் வாடகையில் இன்னும் பெரிய வீட்டில் அப்போதுதான் குடியேறியிருந்தார்கள். மகள்களுக்காக ஒரு நடன விருந்துகூட நடந்தது. மறு வருஷமே அடகுக்கடை வாசம். ஆனால், எழுத்து நிற்கவில்லை. 1867-ல் மூலதனம் முதல் பாகம் வெளிவந்தது. அதை மார்க்ஸ் சமர்ப்பித்தது ஏங்கெல்ஸுக்கோ ஜென்னிக்கோ இல்லை. அந்த டியூஷன் வாத்தியாருக்கு.

1869-ல் ஏங்கெல்ஸ் வியாபாரத்தை விட்டார். வருஷத்துக்கு 350 பவுண்ட் மார்க்ஸுக்குத் தருவதாக ஏற்பாடு. லண்டன் வந்து 20 வருஷம் ஆன பிறகு, அந்தக் குடும்பத்துக்கு முதல் முறையாக அடுத்த மாசம் எவ்வளவு வரும் என்று தெரிந்தது. 1874-ல் மார்க்ஸ் பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். தன் சொந்த மன்னருக்கே விசுவாசமாக இல்லாதவர் என்று போலீஸ் அறிக்கை கொடுத்தது. மறுத்துவிட்டார்கள். 25 வருஷம் வாடகை கட்டிய நாட்டில் கடைசிவரை அவர் அந்நியர்தான்.

ஜென்னி 1881 டிசம்பரில் புற்றுநோயில் இறந்தார். மார்க்ஸுக்கு அப்போது உடம்பு சரியில்லை. டாக்டர் அனுமதிக்காததால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. 1883 ஜனவரியில் மூத்த மகள் இறந்தார். மார்ச் 14 அன்று மதியம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மார்க்ஸும் போய்விட்டார். ஏழு பிள்ளைகளில் அப்போது உயிரோடு இருந்தது இரண்டு மகள்கள். விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு 250 பவுண்ட். ஹெலன் டெமுத் 1890-ல் இறந்தபோது அதே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

28, டீன் தெருவில் இன்று இருப்பது ஓர் உணவகம். மார்க்ஸ் இங்கே வாழ்ந்தார் என்று வெளிச்சுவரில் ஒரு நீலப் பலகை. ஹைகேட் கல்லறைக்குப் போய் அந்தப் பெரிய வெண்கலத் தலையைப் பார்க்க டிக்கெட் எடுக்க வேண்டும். எட்கர் புதைக்கப்பட்டது டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில், அன்று ஒரு தேவாலயத்தை ஒட்டியிருந்த இடுகாட்டில். அந்த இடம் இப்போது சின்னப் பூங்கா. மதிய நேரத்தில் பக்கத்து ஆபீஸ்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள். அங்கே டிக்கெட் கிடையாது.